கொரட்டூர் அப்பா

பிளாக் ஆரம்பிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, மேடம். ஒரு மெயில் ஐடி இருந்தால் போதும், காபி ஆறுவதற்குள் பக்கம் தயாராகிவிடும். பெயர் வைப்பதில்தான் எல்லோரும் திண்டாடுவார்கள். யாராவது என்னிடம் யோசனை கேட்டால் ஊர்ப் பெயரையும் உறவுப் பெயரையும் சேர்த்து வையுங்கள் என்பேன். படிக்கிறவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஆகிவிடும். 'கொரட்டூர் அப்பா' அப்படி வைத்த பெயர்தான்.

நீங்கள் சிரிக்கவில்லை. பரவாயில்லை. ஏன் இப்படிச் செய்தாய் ஸ்வாதி என்று கேட்டீர்கள். அதை எங்கிருந்து சொல்ல வேண்டுமோ அங்கிருந்துதான் சொல்வேன். நடுவில் குறுக்கிட்டால் எனக்குக் கோபம் வரும். அந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்தது.

முதலில் ஆரம்பித்தது சமையல் பக்கம். அம்பத்தூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் எங்கள் டீமையே ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கூப்பிட்டு, லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. விவாகரத்தாகி அப்பா அம்மாவோடு கொரட்டூர் ஃபிளாட்டில் இருக்கிறேன். வீட்டுக் கடன் என் பெயரில். இன்டர்வியூவுக்குப் போன இடத்திலெல்லாம் என்னைவிடச் சின்னப் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து, ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். போங்கடா என்று வந்துவிட்டேன். எழுதத் தெரியும், சமைக்கத் தெரியும். அவசரச் சமையல் குறிப்புகள் எழுதினேன். கடையைத் திறந்து வைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்ததுதான் மிச்சம். சாம்பார் வைக்கத் தமிழ்நாட்டில் யாருக்குச் சொல்லித் தர முடியும்?

ஒருநாள் வெறுத்துப்போய், குறிப்புக்குப் பதிலாக அன்றைக்கு அப்பா செய்ததை எழுதினேன். அப்பா பெயர் சம்பந்தம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். அப்போது அவருக்கு மறதி நோய் ஆரம்பித்திருந்தது. அன்றைக்குச் செருப்பைக் கழுவித் துடைத்து, ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அம்மா சத்தம் போட்டதற்கு, "வெயில்ல காலு சுடுது கமலம், ஜில்லுனு இருக்கட்டுமேன்னு வெச்சேன்" என்றார். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. அப்படியே எழுதிப் போட்டேன். அதுவரை என் சமையல் குறிப்புகளையெல்லாம் சேர்த்துப் படித்தவர்களைவிட அதை ஒரே நாளில் படித்தவர்கள் அதிகம்.

அன்றோடு சாம்பாருக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பெயரையும் மாற்றினேன். தினமும் ஒரு சின்னப் பதிவு. அப்பா கரண்ட் பில்லைக் கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து மஞ்சள் தடவியது, டிவியில் செய்தி வாசிக்கிறவளுக்குப் பதில் வணக்கம் சொன்னது. ஒரு மனிதருக்கு எழுதுவது போல எழுத வேண்டும், கடைசியில் ஒரு கேள்வி கேட்டு முடிக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் உண்டா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லவாவது உள்ளே வருவார்கள். வந்தார்கள். விளம்பரமும் பின்னாலேயே வந்தது.

அம்மாவுக்குக் கண் பார்வை மட்டு. காலையில் காபி கொடுத்துவிட்டு, "இன்னிக்கு என்ன எழுதியிருக்க, படி" என்பாள். முதலில், "மனுஷனை ஊர் சிரிக்க வெக்கிறியேடி" என்று கோபித்துக்கொண்டாள். பிறகு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் காய்கறிக்காரம்மா, "நைனா எப்டிக்கீறாரு? இன்னிக்கு இன்னா செஞ்சாரு?" என்று விசாரித்து இரண்டு தக்காளி அதிகம் போட்டதும் கோபம் போய்விட்டது. இதெல்லாம் நடந்தபோது யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நல்ல மகள் என்றுதான் எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

அப்பா காணாமல் போன காலையில் கதவைத் தாழ் போட மறந்தது அம்மா. பால் வாங்கிக்கொண்டு வந்தவள் அப்படியே உள்ளே போய்விட்டாள். இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை, பிளாக்கிலும் எழுதவில்லை. மகள் தாயைக் காட்டிக் கொடுப்பதா? நான் குளித்துவிட்டு வந்தபோது கதவு திறந்து கிடந்தது, அப்பா இல்லை.

அன்றைக்கு நான் தேடியது உண்மையான தேடல். அதை எழுதிக்கொள்ளுங்கள். ரயில்வே ஸ்டேஷன், ஏரிக்கரை, அவர் பழைய கம்பெனி கேட், எங்கேயும் விடவில்லை. அழுதுகொண்டே ஓடினேன். உங்கள் போலீஸ் ஸ்டேஷனில்தான் புகார் கொடுத்தேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து, பிளாக்கில் அப்பா போட்டோவைப் போட்டு, 'கொரட்டூர் அப்பாவைக் காணவில்லை' என்று எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது எத்தனை பேர் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஓரத்தில் ஓடும் எண் நிற்கவே இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது.

ஆவடி, பட்டாபிராம், திருவேற்காடு என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் எழுதினார்கள். பூந்தமல்லியிலிருந்து முகமது ஆசிக் என்று ஒரு தம்பி. பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறவன். அப்பா போட்டோவைப் போஸ்டராக அடித்து, டெலிவரி போகிற வழியெல்லாம் தன் செலவில் ஒட்டினான். "அக்கா, இன்னிக்கு மாங்காடு பக்கம் சுத்திகினு வந்தேன். ஒண்ணியும் தெரியல. நீ அயாத, எங்கம்மா தொழுது துவா செஞ்சுனுகீது" என்று தினமும் போன் செய்வான். அவனைப் பற்றியும் எழுதினேன். ஜனங்களுக்கு அவனையும் பிடித்துப்போனது.

அப்போதுதான் ஒரு கம்பெனியிலிருந்து என்னிடம் பேச வந்தார்கள். வயதானவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று போனில் காட்டிக் கொடுக்கும் கைப்பட்டை விற்கிறவர்கள். பக்கத்தின் உச்சியில் அவர்கள் விளம்பரம், தேடும் காலம் வரைக்கும். வீட்டுக் கடனின் மாதத் தவணை அதிலேயே அடைந்துவிடும். இதைச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது, பணத்துக்காகத்தான் செய்தாள் என்று உடனே எழுதிக்கொள்வீர்கள். அவ்வளவு சுலபமாக முடித்துவிடாதீர்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு வாசகி எனக்கு மட்டும் ஒரு படம் அனுப்பினாள். பாரிவாக்கத்தில் ஒரு காப்பகத்தில் அன்னதானம் கொடுக்கப் போயிருந்தாளாம். 'இவரா என்று பாருங்கள், ஜாடை இருக்கிறது' என்று எழுதியிருந்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவாக இல்லாவிட்டால் தாங்கமாட்டாள் என்று தனியாகவே பஸ் ஏறினேன்.

அப்பாதான். மொட்டைத் தலை, கறுத்துப்போன முகம், யாருடையதோ சட்டை. ஒழுகுகிற குழாய் ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஞானம்மாள் என்னிடம், "பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டாண்ட மயங்கிக் கெடந்தாரும்மா. தலையெல்லாம் பேனு, அதான் மொட்டை அட்ச்சிட்டோம். பேரு கேட்டா வேம்புலின்றாரு" என்றாள். வேம்புலி அப்பாவோடு ஒரே மெஷினில் வேலை பார்த்தவர். அப்பாவுக்குத் தன் பெயர் மறந்து, நண்பர் பெயர் நினைவில் தங்கிவிட்டது. உங்கள் ஆட்கள் சம்பந்தம் என்ற பெயரில் தேடியதால்தான் கிடைக்கவில்லை. உங்கள் மேல் எனக்குக் குறை இல்லை.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "வந்துட்டியாம்மா? இரு, கை கழுவிட்டு வரேன், போயிடலாம்" என்று எழுந்தார்.

ஞானம்மாள் சிரித்தாள். "இவரு எல்லாரையும் பொண்ணுன்னுதான் சொல்வாரு. நேத்து பால் ஊத்த வந்த பொண்ணையும் ஊட்டுக்கு இட்டுகினு போவ சொன்னாரு. நீ சொல்லும்மா, இவரா உங்க நைனா?"

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் நான் என்ன நினைத்தேன் என்பதைத்தானே கேட்கிறீர்கள். நாளைக்கு என்ன எழுதுவது என்று நினைத்தேன். 'அப்பா கிடைத்துவிட்டார்.' அந்தப் பதிவு பறக்கும். அடுத்த நாள்? மறுபடியும் மஞ்சள் தடவிய கரண்ட் பில். தேடுகிறவர்களோடு ஊரே நடந்து வரும், கிடைத்தவுடன் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். ஒரு வாரம்தான். அதற்குள் அப்பாவுக்கு இங்கே என்ன கெட்டுப்போகும்?

"இல்லைம்மா. எங்க அப்பா பேரு சம்பந்தம். இவர் வேற யாரோ" என்றேன்.

அப்பா கை கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். ஞானம்மாள் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. வீட்டிலென்றால் ஊரைக் கூட்டியிருப்பார். அங்கே அமைதியாக இருக்கிறார் என்பது எனக்கு அப்போதே புரிந்தது.

படம் அனுப்பியவளுக்கு, ஜாடை மட்டும்தான், அவர் இல்லை என்று எழுதினேன். அந்த ஒரு வாரம் அப்படியே நீண்டுகொண்டே போனது. யாராவது என்னைப் பிடித்து நிறுத்தியிருந்தால் நிறுத்தியிருப்பேன். ஒருவரும் நிறுத்தவில்லை. மாறாக, விடாதே, தேடு என்றுதான் ஆயிரம் பேர் எழுதினார்கள். அவர்களையும் கூப்பிட்டு விசாரிப்பீர்களா?

நான் அவரைக் கைவிடவில்லை. வாரா வாரம் போனேன். முறுக்கு, வேட்டி, சத்துமாவு, மாத்திரை என்று எல்லாம் வாங்கிப் போனேன். காப்பகங்களைப் பற்றி எழுதுகிறவள் என்று ஞானம்மாளிடம் சொல்லிவைத்தேன், அது பொய்யும் இல்லை. பெற்ற அப்பாவை வாரா வாரம் போய்ப் பார்க்கிற பிள்ளைகளை உங்கள் ஸ்டேஷனில் எண்ணிச் சொல்லுங்கள் பார்ப்போம். எங்கள் ஃபிளாட்டில் அவரை உள்ளே வைத்துப் பூட்டித்தான் வைத்திருந்தோம். பாரிவாக்கத்தில் முற்றம் இருந்தது, கழற்றி மாட்டக் குழாய்கள் இருந்தன. கழற்றுவார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார். ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்ததும் கை கழுவப் போவார். ஞானம்மாள் திருப்பிக் கூட்டிப் போவாள். போகப் போக அதுவும் பழகிவிட்டது.

வீட்டில் அம்மா இரண்டு வேளையும் அவருக்கு ஒரு தட்டு வைத்தாள். பக்கத்து ஃபிளாட் காவ்யா, யாராவது ஜோசியரைப் பார்த்து, ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிடலாமே என்று ஜாடையாகச் சொன்னாள். அம்மா முகத்திலடித்த மாதிரி, "என் பொண்ணு தேடிக்கிட்டுதானே இருக்கா? ஜோசியன் எதுக்கு?" என்றாள். அன்றிலிருந்து நெற்றியில் பொட்டு முன்னைவிடப் பெரிதானது. அந்த வீட்டில் அழுகுரல் கேட்கவில்லை, மேடம். அதற்குக் காரணம் நான்.

ஐப்பசி மழை ஆரம்பித்த பிறகு ஒருநாள் போயிருந்தேன். அப்பா போர்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இருமல். என்னைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை, கை கழுவப் போகவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் மரியாதையாகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "யாரையோ தேடிக்கிட்டு வந்திருக்கீங்க போல" என்றார். நான் தலையாட்டினேன். "கெடைச்சிடுவாங்கம்மா. இப்படி முகம் வாடிப் போகாதீங்க. நல்லவங்க கையிலதான் இருப்பாங்க" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் கல்லில்லை. வெளியே வந்து நின்று அழுதுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

பஸ்ஸிலேயே அதை எழுதினேன். பஸ் ஸ்டாப்பில் பார்த்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர் சொன்னதாக மாற்றிக்கொண்டேன். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். மறுநாள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாரு பெத்த பிள்ளையோ, அந்த மனுஷன் நல்லா இருக்கணும். அவருக்கு ஒரு குறையும் வரக்கூடாது" என்றாள். அவளுக்கு அவள் புருஷன் குரலைக் கொண்டுவந்து கொடுத்தேன் அல்லவா? அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அதே வாரத்தில் ஞானம்மாள் போன் செய்தாள். சளி நெஞ்சில் கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் உயிர் தங்கவில்லை என்றாள். "அவுருக்குன்னு யாரும் இல்ல. நீதாம்மா வந்து வந்து பாத்துகினு இருந்த. மூஞ்சியாச்சும் பாத்துட்டுப் போ." போனேன். வேம்புலி என்ற பெயரிலேயே எல்லாம் நடந்தது. காப்பகத்துக் காவலாளி கொள்ளி வைத்தார். ஞானம்மாள் என் பெயரைச் சொல்லி, நீயும் ஒரு பிடி அரிசி போடும்மா, புண்ணியம் என்றாள். போட்டேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மா, "எங்கடி சுத்திட்டு வர, ஏதாவது தகவல் உண்டா" என்றாள். இல்லை என்று சொல்லித் தலைக்குக் குளித்தேன். அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொட்டை அழித்திருப்பார்கள், வளையலைக் கழற்றியிருப்பார்கள், அவளை ஒரு மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். நான் அதற்குப் பதிலாகப் போய் உட்கார்ந்து, 'அப்பா, மழையாக இருக்கிறது, எங்கே ஒதுங்கியிருக்கிறீர்கள்' என்று எழுதினேன். அம்மா அதைக் கேட்டுவிட்டு, வந்தால் போடுவதற்கு ஸ்வெட்டரை எடுத்து, மழை விட்டதும் வெயிலில் காய வைத்தாள். மார்கழி, தை, மாசி வரைக்கும் இப்படித்தான் ஓடியது.

நான் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான், அது எழுத்தில் செய்த தப்பு. நுணுக்கம் இல்லாமல் எழுதினால் படிக்கிறவருக்குக் கண்ணில் நிற்காது. எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன். அப்பா இப்போது எங்கே எப்படி இருப்பார் என்று கற்பனை செய்து ஒரு பதிவு எழுதினேன். அதில், 'மொட்டைத் தலையை உள்ளங்கையால் பின்னாலிருந்து முன்னால் தடவிவிட்டு, யாரோ தன் முடியைத் திருடிப் போனதுபோல விரலைப் பார்ப்பார்' என்று எழுதிவிட்டேன். நல்ல வரி. இப்போதும் எனக்கு அதை அடிக்க மனம் வராது.

ஆசிக் அன்றைக்கே போன் செய்தான். "அக்கா, நைனாக்கு எப்பக்கா மொட்டை அட்ச்சாங்க? நம்ம போஸ்டர்ல சுருட்டை முடி கீதே."

"கற்பனை தம்பி. வெளியில சுத்துறவங்களுக்கு யாராவது மொட்டை போட்டிருப்பாங்கன்னு எழுதினேன்" என்றேன்.

அவன் சரிக்கா என்று வைத்துவிட்டான். அவன் என்னைச் சந்தேகப்படவில்லை. என் கற்பனையை நம்பினான், அதுதான் வினையாகிப்போனது. அக்கா சொல்வது சரி, மொட்டைத் தலை ஆளைத்தான் தேட வேண்டும் என்று, போஸ்டர் படத்தில் முடியைப் போனிலேயே அழித்து எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு காப்பகமாக ஏறி இறங்கியிருக்கிறான். பாரிவாக்கத்தில் ஞானம்மாள் படத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டாளாம். "ஐயோ, வேம்புலி நைனா. இவரு போய்ட்டாரே. எழுதுற பொண்ணு ஒண்ணு வாரா வாரம் வந்து பாத்துகினு போவுமே, அதைக் கேளு" என்றாளாம்.

அவன் எங்கள் அபார்ட்மென்ட் கீழே வந்து நின்றான். மேலே கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றான். அவன் கத்துவான் என்று நினைத்தேன். பைக்கை விட்டு இறங்காமலே, "என் பெட்ரோலு போவட்டுங்கா. எங்கம்மா அஞ்சு வேளையும் உங்க நைனாக்காக துவா செஞ்சுது. அதுங்கிட்ட நான் போயி இன்னான்னு சொல்றது?" என்று கேட்டான். அவன் அம்மாவுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறான்.

அவ்வளவுதான். ஆமாம், காப்பகத்தில் இருந்தவர் என் அப்பா என்று எனக்கு முதல் நாளே தெரியும். ஆமாம், தெரிந்தே மறுத்தேன். அவர் செத்ததும் தெரியும், தெரிந்தே மறைத்தேன். எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அப்பாவை நான் கொன்றேன் என்று மட்டும் யாரும் எழுத முடியாது.

வெளியே பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், பார்த்தீர்களா? ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள் என்றதும் அப்பா கிடைத்துவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டாள். பட்டுப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு, அவருக்கு இஸ்திரி போட்ட சட்டையும் வேட்டியும் பையில் எடுத்து வந்திருக்கிறாள். இந்த நிமிஷம் வரைக்கும் அவள் புருஷன் உயிரோடுதான் இருக்கிறார். நான் இத்தனை மாதமும் அவரைச் சாக விடவில்லை. இப்போது எழுந்து வெளியே போகப் போகிறவர் நீங்கள். போங்கள் மேடம், அவரை நீங்களே கொன்றுவிட்டு வாருங்கள்.